கழிவுப் பாறையும் காவல் துப்பாக்கியும்

தான்சானியாவின் தங்க வயல்களில் ‘மக்வாங்காலா’ என்றொரு சொல் புழங்குகிறது. சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்து, லாரியில் ஏற்றி, வேண்டாம் என்று மலைபோல் குவித்துவிடும் பாறைக்கு அந்தப் பெயர். நிறுவனத்தின் ஏட்டில் அது கழிவு. ஒரு டன் பாறையில் இத்தனை கிராமுக்குக் குறைவாகத் தங்கம் இருந்தால் அரைத்துப் பிரிக்கும் செலவுக்குக் கட்டாது என்று ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே வருவதை ஒதுக்கிவிடுகிறார்கள். குவியலின் அடிவாரத்தில் சுத்தியலும் சாக்குமாகக் காத்திருப்பவரின் கணக்கு வேறு. லாரி கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் சரிவில் ஏறி, உருண்டுவரும் கற்களுக்குத் தப்பி, வெண்கல் நரம்பு ஓடும் துண்டைத் தேடிப் பொறுக்க வேண்டும். அதை ஊருக்குள் உள்ள அரைவையில் பொடித்து, பாதரசம் சேர்த்துப் பிரித்தால் சில நாள் சாப்பாட்டுக்கு ஆகும். ஏட்டில் கழிவு என்று எழுதப்பட்ட அதே கல், இவர் சாக்கில் ஏறியதும் களவுப் பொருள் ஆகிவிடுகிறது. ஒரு கல்லைக் கழிவென்று சொல்லவும், அதைப் பொறுக்குபவரைத் திருடர் என்று சொல்லவும் அதிகாரம் பெற்றவர் யார்? ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் வாசலில் நடக்கும் மோதல்களை இந்தக் கேள்வியிலிருந்து பார்க்கும்போது பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

இம்மோதல்கள் எல்லாம் ஒரே வார்ப்பு என்று சொல்ல முடியாது. செனகலின் கெடூகூவில் 2008 டிசம்பரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தது, தங்கம் தங்கள் மண்ணில் இருந்தும் வேலை தங்களுக்கு இல்லை என்ற ஆத்திரத்தில். புர்கினா பாசோவில் 2015 ஜனவரியில் கார்மா சுரங்கத் தளத்துக்கு மக்கள் தீ வைத்ததற்குப் பின்னால், ராமதூலாயேயின் புனித மசூதிக்குத் தோண்டலால் கேடு வரும் என்ற அச்சம் இருந்தது. வேறு இடங்களில் ஆற்று நீர் காரணம், அல்லது இடிக்கப்பட்ட வீடு காரணம். இவற்றுக்கு இரண்டு ஆயத்த விளக்கங்கள் உண்டு. பேராசை பிடித்த வெளிநாட்டு நிறுவனம் ஏழைகளைச் சுரண்டுகிறது என்பது ஒன்று. சட்டத்தை மதிக்காத கும்பல் முதலீட்டைக் கொள்ளையடிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் துண்டுகள் உள்ளன. ஆனால் பேராசையும் கும்பலும் உலகில் எங்கும் உண்டு. சில சுரங்கங்களின் வாசலில் மட்டும் ஆண்டுக்கணக்காகப் பிணங்கள் விழுவது ஏன் என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. விடை ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. நேற்றுவரை பிழைப்பாக இருந்ததை உரிமச் சட்டம் அத்துமீறலாக மாற்றுகிறது. பிறகு பொதுக் காவல்துறை நிறுவனத்தின் செலவில் அதன் வாசலில் நிறுத்தப்படுகிறது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில், ஊராரின் எந்தக் குறையும் ஓர் அதிகாரியின் மேசையை அடையும் முன்பே துப்பாக்கியை எதிர்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் வடமேற்குத் தான்சானியாவின் தாரிமே மாவட்டத்தில் உள்ள நார்த் மாரா சுரங்கம். கென்ய எல்லையை ஒட்டிய இந்தப் பகுதி, மாடு மேய்த்தும் சோளம் விதைத்தும் வாழும் குரியா மக்களின் நிலம். நியாமோங்கோவைச் சுற்றிய கிராமங்களில் நிறுவனம் வருவதற்கு முன்பே மக்கள் கையால் தங்கம் தோண்டிவந்தார்கள். 1998ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அந்நிய முதலீட்டை அழைப்பதற்காக எழுதப்பட்டது. அரசுக்குத் தங்கத்தின் மீதான உரிமத் தொகை வெறும் 3 சதவீதம். 2002இல் இங்கே பெருவீத உற்பத்தி தொடங்கியது. பிளேசர் டோம் நிறுவனத்தின் கைக்குப் போன சுரங்கம், 2006இல் அந்த நிறுவனத்தையே கனடாவின் பாரிக் கோல்டு விலைக்கு வாங்கியதும் பாரிக்கிடம் வந்தது. 2010இல் ஆப்பிரிக்கன் பாரிக் கோல்டு என்ற பெயரில் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது, 2014இல் அகாசியா ஆனது, 2019இல் மீண்டும் பாரிக்கின் முழு நிர்வாகத்துக்குத் திரும்பியது. உரிமையாளர் பலகை இத்தனை முறை மாறியது. நிலத்தின் மீதான சட்டத்தின் பார்வை மாறவில்லை. மண் அரசுடையது, கனிமம் உரிமம் பெற்றவருடையது, குடியானவருக்கு வீட்டுக்கும் பயிருக்கும் இழப்பீடு. மண்ணுக்கு அடியில் தோண்டிப் பிழைத்த தொழிலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஊர்க்காரர்கள் தாங்கள் இழந்ததாகச் சொல்வதில் பெரும்பகுதி, இழப்பீட்டுப் பட்டியலில் வரியாகக்கூட எழுதப்படாத இந்தத் தொழில்தான்.

கழிவு என்பது பாறையின் குணம் இல்லை, விலையின் விளைவு என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002இல் ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 300 டாலர். 2011 செப்டம்பரில் அது 1,900 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 4,000 டாலரையும் கடந்தது. முதல் விலைக்கு ஒதுக்கப்பட்ட பாறை, இரண்டாவது விலைக்குக் கையால் உடைப்பவருக்கு நல்ல கூலி தரும். குழியின் ஓரத்தில் நிற்கும் இளைஞருக்குச் சந்தை நிலவரம் கைப்பேசியிலேயே தெரிகிறது. மதில் உயர்ந்தாலும் காவல் கூடினாலும், மேலே ஏறிவரும் விலை அவரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நிறுவனத்துக்கும் அதே விலைதான் காரணம்: நேற்று அலட்சியமாகக் கொட்டிய குவியலை இன்று அது பாதுகாக்க விரும்புகிறது. இழுக்கும் சக்தி இரு பக்கமும் கூடும்போது இடையே நிற்கும் காவலர் எத்தகையவர், யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே உயிர்களைத் தீர்மானிக்கிறது.

நார்த் மாராவில் அது எப்படித் தீர்மானித்தது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. 2008 டிசம்பரில் பெருங்கூட்டம் உள்ளே புகுந்து இயந்திரங்களுக்குத் தீ வைத்தது. 2011 மே 16 அன்று உள்ளே நுழைந்தவர்கள் மீது போலீசார் சுட்டதில் குறைந்தது 5 பேர் இறந்தார்கள். அவர்களை ‘ஊடுருவியவர்கள்’ என்றது நிறுவனம். அந்த மாத இறுதியில், போலீசாரும் சுரங்கக் காவலர்களும் உள்ளூர்ப் பெண்கள் மீது பாலியல் வன்முறை நடத்தியதாகப் புகார்கள் வந்திருப்பதை பாரிக்கே அறிக்கை வெளியிட்டுச் சொல்ல நேர்ந்தது. 2016இல் தான்சானிய அரசின் விசாரணை ஒன்றுக்கு, சுரங்கத்தைக் காத்த போலீசாரால் 65 பேர் கொல்லப்பட்டதாகவும் 270 பேர் காயமுற்றதாகவும் முறையீடுகள் வந்தன. இவை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக நிரூபிக்கப்பட்டவை அல்ல என்று சொல்லலாம், சரிதான். ஆனால் அரசின் சொந்த விசாரணைக்கே இத்தனை முறையீடுகள் வரும் இடத்தில், ஒவ்வொரு சாவையும் தனித்தனி அசம்பாவிதமாகப் படிக்க முடியாது. போர் இல்லாத ஒரு நாட்டில், ஒரே தொழிலகத்தின் வேலியோரம் இப்படி ஒரு பட்டியல் நீள்வதற்கு அமைப்புரீதியான காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம் ஒரு தாளில் இருக்கிறது. சுரங்க நிறுவனத்துக்கும் தான்சானியக் காவல்துறைக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் உண்டு. அதன்படி சுரங்கத்தில் பணியமர்த்தப்படும் போலீசாருக்குப் படி, வாகன எரிபொருள், தங்குமிடம், உணவு ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. இதில் மறைவு எதுவும் இல்லை என்கிறது நிறுவனம். வளம் குறைந்த அரசிடம் இலவசமாகப் பாதுகாப்புக் கேட்க முடியாது. போலீஸ் அரசின் கட்டளைக்கே உட்பட்டது. யாரைச் சுட வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை என்பது அதன் வாதம். கட்டளை எழுத்தில் போகாமல் இருக்கலாம். ஆனால் சாப்பாடும் படுக்கையும் டீசலும் படியும் வேலிக்கு உள்ளிருந்து வரும்போது, வேலிக்கு வெளியே இருப்பவர் அந்தப் போலீசாருக்குக் குடிமகனாகத் தெரிவாரா, எதிராளியாகத் தெரிவாரா? அடிபட்டவர் புகார் கொடுக்கப் போனால் அவர் சந்திக்க வேண்டிய துறையும் அதுவே. நிறுவனத்தின் தனியார் காவலர் சுட்டிருந்தால் நிறுவனம் பொறுப்பு. தன் போக்கில் இயங்கும் போலீஸ் சுட்டிருந்தால் அரசு பொறுப்பு. கலப்பு ஏற்பாட்டில் நிறுவனம் அரசைக் கைகாட்டும், அரசு நிறுவனத்தின் பாதுகாப்பைக் கைகாட்டும். பொறுப்பு நடுவே விழுந்து காணாமல் போகும். இத்தகைய காவலுக்கென்றே 2000இல் ‘தன்னார்வக் கோட்பாடுகள்’ வகுக்கப்பட்டன, பாரிக் 2010இல் அவற்றில் சேர்ந்தது. சேர்ந்த மறு ஆண்டுதான் 2011 மே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உள்ளே வருபவர்கள் எல்லாரும் வயிற்றுப்பாட்டுக்குக் கல் பொறுக்குபவர்களா? இல்லை. வெட்டுக்கத்தியும் கல்லும் ஏந்திக் கூட்டமாக வருபவர்கள் உண்டு. அவர்களால் காவலர்கள் காயப்பட்டதும் உண்டு. கானாவின் ஒபுவாசியில் 2016 பிப்ரவரியில் ராணுவம் விலகியதும் சட்டவிரோதமாகத் தோண்டுவோர் சுரங்க வளாகத்தை ஆக்கிரமித்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஆங்கிலோகோல்டு அஷாந்தி நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். நியாமோங்கோவிலேயே ‘தெகேஷா’ என்றொரு வழக்கம் உள்ளது. பொறி வைப்பது என்று பொருள் கொள்ளலாம். அளவெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் இரவோடிரவாகக் குடிசை எழுப்பி, மரக்கன்று நட்டு, இழப்பீட்டை ஏற்றும் வித்தை. இவற்றை மூடி மறைத்து எழுதுவது ஊராருக்கும் உதவாது. ஆனால் இவை எங்கிருந்து முளைக்கின்றன? தோண்டும் தொழிலுக்கு விலை கிடையாது, வீட்டுக்கும் பயிருக்கும் மட்டுமே விலை என்று சட்டம் சொன்னால், மக்கள் வீடும் பயிரும் ‘விளைவிக்க’த்தான் செய்வார்கள். ஊடுருவலிலும் இதே கதை. காசு வாங்கிக்கொண்டு போலீசாரே இரவில் ஆட்களை உள்ளே விட்டதாகவும், பேரம் முறிந்த இரவுகளில் சுட்டதாகவும் மனித உரிமை ஆய்வாளர்கள் திரட்டிய வாக்குமூலங்கள் பல சொல்கின்றன. வேலியே பயிரை மேய்ந்தால், மேய்ச்சலுக்கு மாட்டை மட்டும் அடிப்பது நீதியாகாது. மேலும், திருட்டுக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் தண்டனை உடனடி மரணம் இல்லை.

அடுத்த மறுப்பு தேசியவாதிகளிடமிருந்து வருகிறது: கோளாறு அந்நிய நிறுவனத்தில், அரசு தன் பங்கை மீட்டால் கிராமமும் அமைதியாகும் என்பது. தான்சானியா அதையும் சோதித்துப் பார்த்துவிட்டது. 2017இல் ஜனாதிபதி ஜான் மகுஃபுலி பதப்படுத்தாத தங்கச் செறிவின் ஏற்றுமதியைத் தடைசெய்தார். அகாசியா மீது வட்டியும் அபராதமும் சேர்த்து 190 பில்லியன் டாலர் வரிக்கோரிக்கை எழுந்தது. அது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தங்கத்தின் மீதான உரிமத் தொகை 6 சதவீதம் ஆனது. பேச்சுவார்த்தையின் முடிவில் பாரிக் 300 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. ட்விகா மினரல்ஸ் என்ற கூட்டு நிறுவனம் பிறந்தது. சுரங்கங்களில் அரசுக்கு 16 சதவீதப் பங்கு. நாட்டின் கருவூலத்துக்கு இது வெற்றிதான், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலியோரத்தில் நடந்தது வேறு. பின்னர் கனடாவில் தொடுக்கப்பட்ட வழக்கின் புகார்கள், பாரிக் நேரடி நிர்வாகத்துக்கு வந்த 2019க்குப் பிந்தைய காவல் வன்முறை பற்றியவை. முன்பு வாடகைக் காவலாளியாக நின்ற அரசு இப்போது பங்குதாரராகவும் நிற்கிறது. உற்பத்தி ஒரு நாள் நின்றால் அதற்கும் நட்டம். தலைநகரம் தன் பங்கைக் கேட்டு வாதாடிய மேசையில் கிராமத்துக்கு நாற்காலி போடப்படவில்லை.

சிறு சுரங்கத்தாரை அங்கீகரித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் கானாவைப் பார்க்க வேண்டும். அங்கே 1989இலேயே சிறு சுரங்கத் தொழில் சட்டபூர்வமாக்கப்பட்டு, குடிமக்களுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. இருந்தும் ‘கலாம்சே’ என்று அழைக்கப்படும் உரிமமற்ற தோண்டல் பெருகி, மண்வாரி இயந்திரங்கள் இறங்கி, ப்ரா போன்ற ஆறுகள் சேற்று நிறத்தில் ஓடுகின்றன. மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உலகின் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. சாக்குக் கல்லை அரைத்துப் பிரிப்பவர் தன் நுரையீரலையும் குழந்தையின் நரம்பையும் சேர்த்தே கரைக்கிறார். இந்த மறுப்பு முழுவதும் உண்மை. ஆனால் அது சொல்வது தொழிலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதை. தொழிலாளியைச் சுடலாம் என்பதை இல்லை. சட்டவிரோதி என்ற ஒற்றைப் பெயர் என்ன செய்யும் என்பதற்கு 2025 ஜனவரி இரண்டு சாட்சிகள் தந்தது. ஒபுவாசியில் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். உள்ளே வந்தவர்கள் ஆயுதம் வைத்திருந்தார்கள் என்றது ராணுவம், வெறுங்கையர் என்றது சிறு சுரங்கத்தார் சங்கம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டில்பான்டெய்னில், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்துக்குள் இருந்தவர்களை வெளியே வரவைக்க உணவும் நீரும் மறிக்கப்பட்டன. கடைசியில் 78 சடலங்கள் மேலே வந்தன. அங்கே காக்க வேண்டிய நிறுவனம்கூட இல்லை. பெயர் மட்டும் போதுமாக இருந்தது.

நீதிமன்றம் இருக்கிறதே என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். நார்த் மாராவில் சுடப்பட்டவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2015இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, தீர்ப்பு எழுதப்படவில்லை. நிறுவனமே நடத்திய குறைதீர் திட்டத்தில், உதவி பெறுபவர் வழக்குரிமையைக் கைவிட்டுக் கையெழுத்திட வேண்டியிருந்ததை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியுள்ளன. குற்றம் சாட்டப்பட்டவரே விசாரித்து, அவரே தொகை நிர்ணயித்து, அவரே இனி கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கும் முறைக்குத் தீர்வு என்ற பெயர் பொருந்தாது. 2022இல் குரியா மக்கள் சிலர் பாரிக்கின் தலைமையகம் உள்ள கனடாவின் ஒன்டாரியோவில் வழக்குத் தொடுத்தார்கள். புகார்கள் ஆதாரமற்றவை என்றது நிறுவனம். வழக்கைக் கேட்க வேண்டிய இடம் தான்சானியா என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. கதவு எப்போதும் மூடியே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எரித்ரியாவின் பிஷா சுரங்கத்தில் கட்டாய உழைப்பு நடந்ததாக நெவ்சன் நிறுவனத்தின் மீது வந்த வழக்கைக் கனடாவிலேயே நடத்தலாம் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் அனுமதித்தது. தூத்துக்குடி ஆலையால் நமக்குத் தெரிந்த வேதாந்தா குழுமத்தின் மீது சாம்பியாவின் செம்புச் சுரங்கக் கிராமத்தார் தொடுத்த வழக்கை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்றது. ஆனால் அந்த இரண்டும் எந்த நாட்டில் விசாரிப்பது என்ற வாசற்படியைத் தாண்டிய பின் சமரசத்தில் முடிந்தன. குண்டுக்குப் பிந்தைய நீதி மெதுவானது, விலையுயர்ந்தது, பெரும்பாலும் இரகசியமானது. குண்டுக்கு முந்தைய ஏற்பாட்டை அது மாற்றுவதில்லை.

தங்கம் குழியை விட்டு வெளியேறியதும் இந்தப் பெயர் மாற்றத்தின் கடைசிக் கட்டம் நடக்கிறது. நார்த் மாராவின் தங்கம் இந்தியாவில், ஹரியானாவில் ஆலை வைத்திருக்கும் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனத்தில் சுத்திகரிக்கப்படுவதை 2019இல் பன்னாட்டுப் பத்திரிகையாளர்களின் கூட்டு விசாரணை வெளிப்படுத்தியது. அந்த ஆலை லண்டன் தங்கச் சந்தைச் சங்கத்தின் நம்பகப் பட்டியலில் உள்ளது. பட்டியலில் இருப்பதே தங்கம் பொறுப்புடன் பெறப்பட்டது என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்படுகிறது. கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்கள் 2022 டிசம்பரில் அந்தச் சங்கத்தின் மீதே லண்டனில் வழக்குத் தொடுத்தன. ஆண்டுக்கு 700, 800 டன் தங்கம் வாங்கும் நாடு இந்தியா. அதில் தமிழகக் கல்யாண வீடுகளின் பங்கு சிறியதல்ல. நகைக் கடையில் ‘916’ முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்த எண் நகையின் சுத்தத்தையும் முத்திரையிட்ட இடத்தையும் சொல்லும். உருக்கும்போது கலந்துபோன குழிகளைச் சொல்லாது. வாங்குபவரைக் குற்றவாளி ஆக்க இதைச் சொல்லவில்லை. மாற்றுக் குறைவாக இருந்தால் இழப்பீடு பெறும் உரிமையைச் சட்டமாக்க நம்மால் முடிந்தது. தங்கத்தின் ஊரையும் எழுது என்று சுத்திகரிப்பு ஆலையிடம் கேட்கும் சட்டம் அதைவிடக் கடினமானதாக இருக்க வேண்டியதில்லை.

ஆக, செய்ய வேண்டியவை மர்மமானவை அல்ல. காவலுக்கான பணம் நிறுவனத்திடமிருந்து பொது நிதிக்குப் போய், அங்கிருந்து யார் பணம் என்று தெரியாமல் காவல்துறைக்கு வர வேண்டும். சுரங்க வளாகத்துக்குள் போலீஸ் முகாம் கூடாது. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டையும் அந்தக் காவல்துறை அல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். குறைதீர் மன்றம் நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, வழக்குரிமையை விலையாகக் கேட்கக் கூடாது. இழப்பீட்டுப் பட்டியலில் தோண்டும் தொழிலுக்கு ஒரு வரி வேண்டும். மக்வாங்காலா குவியல்களை ஊர்க் கூட்டுறவுகளுக்குத் தரச் சொல்லும் கோரிக்கை தான்சானியாவின் கெய்டா பகுதியில் நெடுங்காலமாக இருக்கிறது. சரிவு ஆபத்து, பாதரசம், அமிலக் கசிவு என்று அதற்கு நிறுவனங்கள் சொல்லக்கூடிய தடைகள் பொய்யல்ல. ஆனால் அவை பொறியியலாளர் தீர்க்கும் சிக்கல்கள். தரம் பிரித்து, சமதளத்தில் கொட்டி, பாதரசமில்லாத அரைவை ஒன்றை ஊரில் நிறுத்தினால் அதே பாறையைப் பகலில் எடைபோட்டு விற்கலாம். இரவில் மதிலேறும் தேவை எல்லாருக்கும் அதனால் தீர்ந்துவிடாது, பலருக்குத் தீரும். ஓர் ஒப்பந்தம் நல்லதா என்று அறிய, அதில் அரசுக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால் போதாது. லாரி கொட்டிவிட்டுப் போன கல்லைக் குனிந்து எடுப்பவருக்கு அன்று மாலை வீடு திரும்ப முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.